பார் இல்லாத தெரு

பங்குனிப் பொங்கல் முடிந்த மறுவாரம் அமராவதியின் மிச்சமிருந்த இடது கண்ணும் அணைந்துபோனது. அதே வாரம், தறி ஓடும் அந்த ஊரின் நடுத்தெருவிலிருந்து 'பார்' என்ற சொல்லும் காணாமல் போனது. தண்டோரா போட்டு யாரும் சொல்லவில்லை, கூட்டம் கூட்டி யாரும் முடிவெடுக்கவில்லை. ஆனாலும் அவள் வாசலைக் கடக்கிறவர்கள், அவளோடு பேசுகிறவர்கள், அவள் காதுக்கு எட்டும் தூரத்தில் வாய் திறக்கிறவர்கள் எல்லோரும், அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்ததும் எச்சிலோடு சேர்த்து அதை விழுங்கிவிடப் பழகிக்கொண்டார்கள். கண்ணில்லாதவள் முன்னால் 'பார்' என்று சொல்வது, பசித்தவன் முன்னால் ஏப்பம் விடுகிற பாவம் என்று அந்தத் தெருவின் இளகிய மனசு தானாகவே தீர்மானித்துவிட்டது.

இளகிய மனசுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தமிழில் 'பார்' இல்லாமல் ஒரு வேளை சோற்றையாவது பேசி முடிக்க முடியுமா என்று யாராவது ஒருத்தர் யோசித்திருக்க வேண்டாமா? தின்று பார் என்கிறோம், மோந்து பார் என்கிறோம், கேட்டுப் பார், போட்டுப் பார், போய்ப் பார், பேசிப் பார் என்கிறோம். வாய் செய்கிற வேலைக்கும் கால் செய்கிற வேலைக்கும் கடைசியில் கண்ணைத்தானே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். அந்த வாலை நறுக்கியதும் தெருவில் பேச்சு நொண்டியடிக்க ஆரம்பித்தது. 'கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு கொஞ்சம் நக்கி...' என்று பாதியில் நிறுத்திவிட்டுப் பெண்கள் கரண்டியோடு நின்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் விசாரிக்க வந்தார்கள். எதிர் டீக்கடையில் 'நாலு வடை பார்சல்' என்று வாயெடுத்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு 'நாலு வடை கட்டிக் குடு' என்றார்கள். தெருமுனை மதுக்கடையை ஒட்டிய பாருக்குக்கூடக் கொட்டகை என்று பேர் மாறிவிட்டது. குடித்தவன் வாயில் வராத வார்த்தை கிடையாது, அவன் வாயிலும் அது மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பார்வதி, பிறந்ததிலிருந்து சுமந்த பெயரில் பாதியைப் பறிகொடுத்து வதி ஆனாள்.

"அடியே பார்வதி!" என்று அமராவதி சுவர் தாண்டிக் கூப்பிட்டால், "வதிதான்க்கா, சொல்லுங்க" என்று அவளே அடங்கின குரலில் திருத்தினாள்.

அமராவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் போனதற்கு அவள் அழுது தீர்த்திருந்தாள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்தே அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி வந்ததால், அழுகையையும் கொஞ்சம் கொஞ்சமாகவே அழுது முடித்துவிட்டாள். இப்போது அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கடைத்தெருவில் பூவிழி மேட்சிங் சென்டரின் நடுவில் கிடக்கும் அவளுடைய முக்காலி. பதினெட்டு வயசில் அதில் உட்கார்ந்தவள். சேலையை ஒரு தரம் விரித்துக் காட்டினால் போதும், சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் ரவிக்கைத் துணிக் கட்டுகளில் அதற்கு ஜோடியானதை உருவிப் போடுவாள். மயில்கழுத்து, வெங்காயத்தோல், கத்திரிப்பூ, வாடாமல்லி, பாசிப்பச்சை, காபிக்கொட்டை, எலிக் கலர் என்று அவள் வாயில் புழங்கிய நிறங்களுக்குக் கணக்கே இல்லை. வெங்காயத்தோலிலேயே வெளித்தோல் வேறு, உள்தோல் வேறு. 'எல்லாம் ஒரே ரோஸ்தானக்கா' என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குத் துணி கிடையாது.

கடை முதலாளி செந்தூரப்பாண்டி, 'ஏ அமராவதி, ஆளு நிக்கிறாக, அங்கென்ன ஒறக்கம்' என்று இருபத்திரண்டு வருஷம் கத்திய மனுஷன், இப்போது ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்து, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி, "அமராவதியம்மா, நல்லா இருக்கீகளா?" என்று கேட்டார். அவள் மனசு நோகக் கூடாதென்று கடைப் பலகையில் 'விழி' என்ற எழுத்துகள் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டதாகவும், கடை இப்போது பூ மேட்சிங் சென்டர் என்றும், மாலை கேட்டு ரெண்டு கல்யாணக் கோஷ்டி வந்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தீபாவளிக்குக் கூட்டம் தாங்காது, மச்சினன் மகள் சும்மா இருக்கிறாள், முக்காலியில் அவளை உட்கார வைக்கலாமா என்று ஒரு யோசனை, தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

"தீபாவளிக்கு முன்னாடி நான் வந்து, துணிக்கட்டைச் சரியா எடுத்துக் காட்டிட்டா?"

"அது எப்பிடிம்மா... சரி, நீங்க ஆசைப்படுறீக. ஒரு நா வந்து..." என்றார் முதலாளி. வந்து பாருங்க என்பதில் பாருங்க தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அந்த நொடியில் அமராவதியின் வலது ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, நின்று, உருண்டு, மடியில் விழுந்தது. நக்கிப் பார்த்தாள். கரித்தது.

அன்றிலிருந்து அப்படித்தான். கண் போன இடம் காய்ந்து கிடக்க, கண்ணீர் மட்டும் விரல்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. உள்ளூர் டாக்டர் வேர்வை என்று சொல்லிப் பவுடர் எழுதிக் கொடுத்தார். பவுடர் களியாகி விரலிடுக்கில் ஒட்டியதுதான் மிச்சம். தெருவுக்கு அது அதிசயமாகவே படவில்லை. கண்ணுக்கு வேலை போனால் கண்ணீர் எங்கேதான் போகும் பாவம் என்று ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். தண்ணீர் லாரி எப்போது வரும் என்று குடத்தோடு காத்துக் கிடக்கிற தெரு அது என்பதால், வீணாகக் கூடாதென்று அவள் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாளி வைத்தார்கள். உப்புத் தண்ணீர் குடிக்க ஆகாது, பாத்திரம் கழுவலாம் என்று பேசி முடிவானது. பார்வதி அதில் மாங்காய் ஊறப் போட்டாள், நன்றாகத்தான் ஊறியது. பல் முளைக்கிற பிள்ளைகளைத் தூக்கி வந்து ஈறில் தடவச் சொன்னார்கள். பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, ஆளுக்கு நாலு 'பார்' விழுங்கிவிட்டு எழுந்து போகும்போது, வாளி நிறைந்திருக்கும்.

அமராவதி பஸ் ஏறி ஜில்லாத் தலைநகரில் இருக்கும் பிரெய்ல் வகுப்புக்குப் போனது இந்தக் கூத்துக்கு நடுவில்தான். அங்கே ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருத்தி இருந்தாள். வயசு இருபத்தாறு, பிறவியிலேயே பார்வை கிடையாது, வாய் மட்டும் நாலு பேருக்கானது.

"வாங்கக்கா. நேத்து ராத்திரி ஒரு படம் பாத்தேன், சகிக்கல" என்றுதான் அவள் பேச்சையே ஆரம்பித்தாள். "கைய நீட்டுங்க. இது ஆறு புள்ளி. மெதுவாத் தொட்டுப் பாருங்க."

அமராவதி தொட்டாள். அட்டையில் ரவையைக் கொட்டினது மாதிரி இருந்ததே ஒழிய, புள்ளியும் தெரியவில்லை, புண்ணாக்கும் தெரியவில்லை. எல்லாம் ஒரே மேடு.

"ஒண்ணும் தெரியல டீச்சர்."

"எப்பிடித் தெரியும்? ஒங்க மூளையில கண்ணுக்குன்னு ஒரு பெரிய மனை இருந்துச்சு. இப்ப காலியாக் கெடக்கு. நம்ம ஊர்ல காலி மனைய யாராவது சும்மா விடுவாகளா? மொதல்ல பக்கத்து வீட்டுக்காரன் மாட்டைக் கட்டுவான், பெறகு கொட்டாய் போடுவான், பெறகு பட்டா என் பேர்லதான்னு சண்டைக்கு வருவான். அந்த மாதிரி விரல் வந்து ஒங்க கண்ணோட எடத்துல உக்காரும். ஆனா தெனமும் போயி மாட்டைக் கட்டணும்க்கா. ஒரு நா விட்டாலும் முள்ளு மொளச்சிரும்."

அமராவதி தினமும் மாட்டைக் கட்டினாள். ரவை மேடு வாரக்கணக்கில் ரவை மேடாகவே இருந்தது. அட்டையை வீசி எறிந்தாள், பொறுக்கித் தரச் சொன்னாள், மறுபடி எறிந்தாள். பிறகு ஒரு மத்தியானம், ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து மசால் கடலை தின்றுகொண்டிருந்தபோது, மேடு இரண்டாகப் பிரிந்தது, இரண்டு மூன்றானது, விரலுக்கடியில் ஒரு எழுத்து தனியாக எழுந்து நின்றது. தலைக்குப் பின்புறம், கண் போனதிலிருந்து இருட்டாகக் கிடந்த இடத்தில், மினுக்கென்று ஒன்று எரிந்தது. "அட்டையில என்ன தெரியுது?" என்றாள் ஸ்டெல்லா. "ம" என்றாள் அமராவதி. "பெறகென்ன, அடுத்ததைப் பாருங்க" என்றாள் ஸ்டெல்லா, கடலையை மென்றபடி.

வகுப்பில் தன் விரல்கள் ஒரு நாளும் நனையவில்லை என்பதை அமராவதி அப்போதுதான் கவனித்தாள். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க யாருக்கா அந்த வார்த்தைய முழுங்குறா? நாங்கெல்லாம் பாத்தோம், பாக்கல, பாப்போம்னுதான பேசுறோம். ஒங்க தெரு முழுங்குறது ஒங்க விரல்ல ஒழுகுது. போயி அவுகளத் துப்பச் சொல்லுங்க."

சொன்னால் காதில் வாங்குகிற தெருவா அது? வீட்டில் முக்காலிக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. காலிச் சேலைப் பெட்டிகளை அறுத்து அட்டை செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தின் பெயரை ஊசியால் குத்திப் புள்ளியெழுத்தாக்கி, கடையில் அந்தந்தத் துணிக்கட்டில் கட்டிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். குத்திக்கொண்டிருக்கும்போதே யாராவது வந்துவிடுவார்கள். "எம்புட்டு அழகாக் குத்துறீக, எனக்கும் கொஞ்சம் குடுங்க, குத்தி..." என்பார்கள். விரல்கள் ஒழுகும், அட்டை ஊறும், மயில்கழுத்து கூழாகும். அமராவதி வாசலில் நின்று தெருவைக் கூப்பிட்டுச் சொல்லியே விட்டாள்: "பாருன்னு சொல்லுங்க! என்னைப் பாத்து, வாயத் தொறந்து, பாருன்னு சொல்லித் தொலைங்க! ஒங்க எரக்கத்துல எம் பொழப்பு நனைஞ்சு போகுது!"

தெரு கண்ணைத் துடைத்துக்கொண்டது. "எம்புட்டுப் பெரிய மனசு, நாம சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லுது" என்று ஆளுக்கொன்றாகப் புதிதாக விழுங்கினார்கள். அன்று வாளி இரண்டு முறை நிறைந்தது. அமராவதி கதவைச் சாத்திக்கொண்டு, தலையணையில் வாயை வைத்து, பெண்கள் சொல்லக் கூடாதென்று சொல்லப்படும் வார்த்தைகளை எல்லாம் வரிசையாகச் சொன்னாள்.

தெருவையாவது விடலாம், புருஷனைத்தான் தாங்க முடியவில்லை. காசிராஜன் விசைத்தறி ஓட்டுகிறவன். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, சாதாரணமாகக் கூப்பிட்டாலே மூன்று வீட்டுக்குக் கேட்கிற தொண்டை. கண் அணைந்த அன்று சாயங்காலம், அவள் பாவு நூல் கூடையில் இடறி விழுந்தபோது, கண் அணைந்தது தெரியாமல், அந்தத் தொண்டையால்தான் "பாத்து வரக்கூடாது? கண்ணென்ன பொடதியிலயா இருக்கு?" என்று கத்தினான். அவள் தரையில் இருந்தபடியே, "இல்லீங்க. எங்கயும் இல்ல" என்றாள். அதோடு அவன் தொண்டை இறங்கியதுதான். அன்றிலிருந்து காய்ச்சல்காரியின் கட்டிலருகே பேசுவதுபோல் காதோடு காதாகக் கிசுகிசுத்தான். அட்டை வெட்டிக் கொடுத்தான், நிறம் சொன்னான், குத்தி முடித்ததைக் கடைக்குக் கொண்டுபோய்த் துணிக்கட்டுகளில் கட்டிவிட்டு வந்தான், கூழானதற்குப் பதில் புதிய அட்டை அறுத்தான். ஒரு முகச்சுளிப்பு இல்லை. அவள் எதை எறிந்தாலும் பொறுக்கினான், எதைத் திட்டினாலும் 'சரி' என்று கிசுகிசுத்தான்.

"நீங்களாவது ஒரு தடவ சொல்லுங்களேன்."

"சொல்லலாம்... பின்னாடி சொல்லலாம்" என்று கிசுகிசுப்பான். அவள் பத்து விரலும் ஒழுகும்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி சொல்லியனுப்பினார்: மச்சினன் மகள் வந்துவிட்டாள், அமராவதியம்மா ஒரு தரம் கடைக்கு வந்து போகட்டும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆறுதல் என்ற சொல்லைக் கேட்டதும் அமராவதி தலையைச் சீவி, ஜரிகை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தெரு மொத்தமும் வேடிக்கை பார்க்க, அதாவது வேடிக்கைக்கு, பின்னாலேயே வந்தது.

முக்காலி சூடாக இருந்தது. அந்தப் பெண் இப்போதுதான் எழுந்திருக்க வேண்டும். அமராவதி அதில் உட்கார்ந்தாள். பார்வதி ஒரு சேலையை அவள் மடியில் வைத்தாள்.

"என்ன கலரு?"

"பழுப்பு மாதிரிக்கா."

"பழுப்பாவது! மண்ணா, மரமா, காபிக்கொட்டையா, தேனா? ஒழுங்காச் சொல்லுடி."

பார்வதி சேலையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் நின்றாள். "தேன்க்கா."

"புதுத் தேனா, பழசா?"

"பழசு. அடியில தங்குமே, அது."

அமராவதி எழுந்து சுவரை நோக்கிப் போனாள். கடை நிறைய ஆள். தட்டுத் தட்டாக அவள் விரல்கள் அட்டைகளில் நகர, பின்னால் நின்ற அத்தனை தொண்டைகளிலும் பார் பார் பார் என்று ஏறி ஏறி இறங்கியது. முழங்கைவரை வழிந்தது. தொட்ட அட்டையெல்லாம் ஊறிப் புள்ளிகள் படுத்துக்கொண்டன. எழுத்து மறுபடி ரவையானது, ரவை களியானது. ஏதோ ஒன்றைக் குத்துமதிப்பாக உருவி மேசையில் போட்டாள்.

கடையே கைதட்டியது.

"சரியா?" என்றாள் அமராவதி.

"அச்சு அசல் அதேதான்க்கா!" என்று பார்வதி தேம்பினாள். "ஆகா, ஆகா" என்றார் முதலாளி, மூக்கைச் சிந்தியபடி. "அமராவதியம்மாவுக்கு ஒரு கலர் சோடா ஒடைங்கப்பா."

அவள் விரல்களிலிருந்து தண்ணீர் கயிறாகக் கொட்டியது. மேசைத் துணியெல்லாம் நனைந்தது. பொய் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. சோடாவைக் குடிக்க வைத்து, மஞ்சள் குங்குமம் கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சாகிறவரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் மாங்காய்க்கு உப்புத் தண்ணீர் சுரக்க வேண்டியதுதான். புருஷன் நிற்கிற பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. சரியா?"

காசிராஜன் வாயைத் திறந்தான். சரிதான் என்று கிசுகிசுக்கத்தான் திறந்தான். ஆனால் அவன் கைதானே அந்த அட்டைகளை அறுத்தது, அவன் கைதானே ஒவ்வொன்றையும் துணிக்கட்டில் முடிச்சுப் போட்டது. கூழாகிக் கூழாகி அவள் திரும்பத் திரும்பக் குத்தியதையும், விரல் கொப்புளம் போட்டதையும், அட்டை மேலேயே தலை சாய்த்துத் தூங்கியதையும் அருகிலிருந்து கண்டவன் அவன். ஏழு மாதமாக விழுங்கியது எல்லாம் ஒன்றாகத் திரண்டு மேலே வந்தது.

"சரியா? என்ன சரி? மண்ணாங்கட்டி சரி!" தறிக்கூடத் தொண்டை. மேல்தட்டு அட்டைப்பெட்டி அதிர்ந்தது. "கூறுகெட்டவளே, அது காபிக்கொட்டை! எடுக்கச் சொன்னது பழந்தேன்! நானே எங் கையால கட்டியிருக்கேன், அதுக்கு மேல்தட்டுல கெடக்கு, அங்க கையே வைக்காம இங்கயே தடவிக்கிட்டு நிக்கிற! அவசரக்குடுக்கை! ஒழுங்காத் தொட்டுப் பாரு!"

யாரோ ஒரு பெண், "அட பாவி மனுசா" என்றாள். முதலாளி சோடா பாட்டிலோடு உறைந்து நின்றார்.

அமராவதியின் விரல்கள் நின்றுவிட்டன. லாரிக்காரன் குழாயை மூடினது மாதிரி, கடைசிச் சொட்டு விழுந்து, அடுத்தது வரவே இல்லை. அவள் இரண்டு எட்டு வைத்துப் புருஷனைத் தேடிப் பிடித்து, அவன் சட்டையில் கைகளை அழுத்தித் துடைத்தாள். முன்புறம், பின்புறம், விரலிடுக்கு என்று சாவகாசமாகத் துடைத்தாள். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, ஆனால் வேலை இருந்தது.

மேல்தட்டுக்கு எக்கினாள். அட்டைகள் காய்ந்து மொரமொரவென்று இருந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன: மாம்பழம். சந்தனம். புதுத்தேன். அதற்கடுத்ததில் விரலை வைத்ததும், தலைக்குப் பின்புறம் காலி மனையாகக் கிடந்த இடத்தில், பாட்டில் அடியில் தங்கிய தேன் சாயங்கால வெயிலில் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நிறம் மெல்லப் பரவி நிறைந்தது. கட்டை உருவி, மேசையில் ஓங்கிப் போட்டாள்.

பார்வதி சேலை முந்தானையை அதன் மேல் வைத்தாள். எது துணி, எது சேலை என்று சொல்ல முடியவில்லை. அவளுக்குப் பாவபுண்ணியம், இரக்கம், பத்தியம் எல்லாம் ஒரு நொடி மறந்துபோனது.

"அட, பாரேன்!" என்று கத்திவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டுத்தானடி இருக்கேன் பார்வதி" என்றாள் அமராவதி, கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டியபடி. "எம்பது சென்டியா, ஒரு மீட்டரா?"